அரை மணி நேரச் சூடு

இதில் எல்லாமே சரியாகத்தான் நினைவில் இருக்கிறதா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. நடந்தது இரண்டாயிரத்து எழுபத்தொன்றிலா, அதற்கு அடுத்த வருடமா என்பதே சந்தேகம். மே மாதம் என்பது மட்டும் நிச்சயம். மிதுனா சொல்லும்போது இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் டீ ஆறிப்போகிற அளவுக்குப் பேசாமல் இருப்பாள். அந்த இடைவெளிகளில் அவள் நினைத்தது எது, நானாக நிரப்பிக்கொண்டது எது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை. ஆகவே அவள் கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில், மூடிப்போன நூற்பாலையின் பின்சுவரை ஒட்டி இருந்தது அவளுடைய கடை. ஒரே அறை. ஒரு மேஜை, நோயாளி சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி, மேஜைமேல் அந்த ஸ்கோப். நூறு வருடத்துக்கு முந்தையது. உள்ளே வால்வுகள் என்கிற கண்ணாடிக் குமிழ்கள், முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி, அதில் கட்டம் கட்டமாகக் கோடுகள். மின்சாரம் துடிக்கிற துடிப்பைப் பச்சை வெளிச்சத்தில் வரைந்து காட்டும். எத்தனை கட்டம் உயரம் என்று எண்ணினால் எத்தனை வோல்ட் என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வேலை.

அந்த வேலையைச் செய்ய ஊரில் வேறு கருவி இல்லை. கோவை வட்டாரத்தில் அறுபத்துமூன்று பேர் நெஞ்சுக்குள் ஒரே வகை பேஸ்மேக்கரை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அதைச் செய்த கம்பெனி திவாலாகிப் பத்து வருடம் ஆகிவிட்டது. புதிய அளவுமானிகள் எதையும் அளப்பதற்கு முன் அதன் பெயரைக் கேட்கும். பதிவேட்டில் பெயர் இல்லாத கருவி என்றால் திரை வெறுமையாகவே நிற்கும். உள்ளே ஒரு மனிதனின் இதயம் துடித்துக்கொண்டிருப்பது அவற்றுக்குப் பொருட்டில்லை. பழைய ஸ்கோப் யார் பெயரையும் கேட்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வருவார்கள். சீட்டில் டாக்டர் ஓர் எண் எழுதியிருப்பார். நெஞ்சின்மேல் வைக்கிற ஒரு சுருள்கம்பி வழியாகத் துடிப்பைப் பார்த்து, அது அந்த உயரத்துக்கு வரும்வரை மிதுனா திருகைத் திருப்பி வைத்து அனுப்புவாள்.

கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான் அந்த ஸ்கோப்புக்கு. சூடாகும். வெளியே நாற்பத்தைந்து டிகிரி, கடைகளில் பகலில் ஏசி போடத் தடை. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் அதன் உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து மெழுகு உருகி மேஜையில் சொட்டியது. அன்றைக்கு மிதுனா பயந்துபோனாள். பழைய ஏர் கூலர் ஒன்றைப் பிரித்து, தகரத்தில் குழாய் மடித்து, குளிர்ந்த காற்று நேராக வால்வுகள்மேல் படும்படி அமைத்தாள். தூசிக்கு வலை வைத்தாள். ஈரம் உள்ளே போகாமலிருக்கக் குழாயில் இரண்டு வளைவு வைத்தாள். அதற்குப் பிறகு ஸ்கோப் ஒருநாள்கூடப் படுக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் அந்தத் தகரக் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க கைக்குத் தங்க வளையலே போடலாமுங்க" என்பார்கள்.

அந்த மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளிங்கிரி வந்திருந்தார். எழுபத்தாறு வயது. முன்பு நகராட்சிக் குடிநீர்க் குழாய்களில் வால்வு திறந்து மூடும் வேலை பார்த்தவர். நாற்காலியில் சாய்ந்து, சட்டையைத் திறந்து, சுருள்கம்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். சீட்டில் மூன்று வோல்ட். மிதுனாவுக்குத் திருகைத் தொட வேண்டியிருக்கவில்லை. பச்சைக் கோடு மூன்றாவது கட்டத்தைத் தொட்டுக்கொண்டு ஒழுங்காக நின்றது.

அப்போது கூலர் மோட்டார் ஒரு முனகலோடு நின்றுபோனது.

"ஏனம்மிணி, உன்ற கூலருக்கும் எனக்கும் ஒரே வயசோ?"

"பேசாம இருங்கய்யா. ரெண்டே நிமிசம்."

அவள் மோட்டாரைப் பார்க்க எழுந்தாள். எழுந்தவள் திரையைப் பார்த்துவிட்டு நின்றாள். பச்சைக் கோடு மூன்றாவது கட்டத்தைத் தாண்டியிருந்தது. யாரும் எதையும் திருகவில்லை. பெரியவர் அசையவில்லை. மீண்டும் உட்கார்ந்தாள். கோடு ஏறிக்கொண்டே இருந்தது, பாலில் ஆடை படிகிற வேகத்தில். கால் மணி நேரத்தில் மூன்றரைக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

"என்ன அம்மிணி, ஊமையாயிட்டே? நான் இருக்கறனா, போயிட்டனா?"

"இருக்கீங்கய்யா."

"அதைக் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டுச் சொன்னா கொறஞ்சா போயிருவே?"

அவள் சிரிக்கவில்லை. கம்பியைக் கழற்றி, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு ஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தாள். எங்கே தவறியது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அது அவளுடைய சொந்தப் பழக்கத்தில் இருந்தது.

ஒவ்வொரு மார்கழியிலும் ஸ்கோப்பைச் சரிபார்த்து முத்திரையிடுவாள். ஒரு தரமான மின்கலத்தை மாட்டி, கோடு சரியான கட்டத்தில் நிற்கும்படி உள்ளே இருக்கும் சிறு திருகைத் திருத்துவாள். கூலர் ஓடினால் அதன் மோட்டார் இரைச்சல் கோட்டில் நடுக்கமாகத் தெரியும். மற்ற நாளில் அந்த நடுக்கம் பரவாயில்லை. சரிபார்க்கிற நாளில் கோடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அதனால் அன்றைக்கு மட்டும் கூலரை நிறுத்திவிடுவாள். வெளியே பனி, அறையில் சத்தமே இல்லை, ஸ்கோப் தன் இயல்பான சூட்டுக்கு ஏறி நிற்கும், கோடு மயிரிழை போல் இருக்கும். வருடத்தில் அவளுக்குப் பிடித்த நாள் அது.

சரிபார்த்தது சூட்டில். வேலை செய்தது குளிரில். எட்டு வருடம்.

குளிர்ந்த ஸ்கோப் உயரத்தைக் குறைத்துக் காட்டியது. அவள் ஒவ்வொருவருக்கும் கூட்டி வைத்தாள். மூன்று வோல்ட் என்று அவள் வைத்ததெல்லாம் உண்மையில் மூன்றரைக்குப் பக்கம். நெஞ்சில் இருந்த பேட்டரி அந்த அளவுக்கு அதிகமாகக் கரைந்துகொண்டிருந்தது. கூலரைச் சரிசெய்து, மூன்று நாள் வெவ்வேறு சூட்டில் அளந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதே விடை வந்தது. ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய இரண்டு வருடம் போயிருந்தது.

பெரும்பாலானவர்களுக்கு இன்னும் மிச்சம் இருந்தது. பதினொரு பேருக்கு இல்லை. மாற்றுக் கருவி அரசாங்கம் தருகிறது. ஆனால் மாநிலத்துக்கே வருடத்துக்கு நாற்பதுதான். யாருடைய பேட்டரி முதலில் தீருமோ அவர்களுக்கு முதலில் என்று ஒரு வரிசை. அந்த வரிசைக்கு ஆதாரம் மிதுனா போன்றவர்கள் கொடுக்கும் சான்றிதழ். அவள் சான்றிதழ்படி அந்தப் பதினொரு பேருக்கும் இன்னும் நான்கு வருடத்துக்குப் பக்கம் இருந்தது. உண்மைப்படி அவர்கள் முறை வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். மே முப்பத்தொன்றோடு பட்டியலை மூடிவிடுவார்கள். பிறகு மூன்று வருடத்துக்குத் திறக்க மாட்டார்கள்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. இனிமேல் சரியாக வைத்துக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது. ஒருநாள் ஒருவர் தூக்கத்தில் போவார். பாவம், இதயக்காரர் என்பார்கள். அவளே போய் மாலை போட்டுவிட்டு வரலாம். இதை மிதுனாவே என்னிடம் சொன்னாள்.

சனிக்கிழமை பதினொரு பேரையும் கூப்பிட்டுச் சொன்னாள். பலர் புரியாமல் பார்த்தார்கள். சுபிக்ஷா என்ற முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு உடனே புரிந்தது. உக்கடம் டிப்போவில் பேருந்து ஓட்டுகிறவள். காக்கிச் சட்டையோடு வந்திருந்தாள்.

"அக்கா, எனக்கு எத்தன வருசம்?"

"ஒண்ணே முக்கால்."

"என்ற பாப்பாக்கு இப்பத்தான் ரெண்டு முடிஞ்சிருக்குது. நாலு வயசாகறதுக்குள்ள நான் இருக்க மாட்டேன். அதானே சொல்றீங்க?"

"பட்டியல்ல மாத்தி எழுத வெச்சா..."

"எட்டு வருசமா வந்துட்டிருக்கறேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தகரக் குழாயத்தான் காட்டுவீங்க. மிஷின் எவ்வளவு ஜில்லுன்னு இருக்குது பாரு, தொட்டுப் பாருன்னு. நானும் தொட்டுப் பாத்துட்டுப் போவேன்." அவள் அந்தக் குழாய்மேல் கை வைத்தாள். "மிஷினைக் காப்பாத்திட்டீங்கக்கா."



பதினொரு பேர் பெயரிலும் திருத்திய சான்றிதழ்களைச் சென்னைக்கு அனுப்பி, நேரில் வந்து பார்க்கும்படியும் எழுதினாள். நான்காம் நாள், பட்டியலுக்கான சான்றிதழ்களைச் சரிபார்க்கும் அளவைக் குழுவிலிருந்து ஓர் அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். ரியாஸ்தீன் என்று பெயர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தவர். இஸ்திரி கலையாத சட்டை, தோளில் ஒரு பெட்டி. நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மாசக் கடைசியில எல்லா ஊர்லருந்தும் இப்படி ஒரு கதை வருது. பேட்டரி திடீர்னு குறைஞ்சுபோச்சு, எங்காளுங்களை முன்னாடி போடுங்கன்னு. உங்க பதினொரு பேரை ஏத்தினா, வேற பதினொரு பேரை நான் இறக்கணும். அவங்க மூஞ்சியையும் நான் பாக்கணும்ல?"

"பாக்கோணுங்க. அதுக்குத்தான் நேர்ல வரச் சொன்னேன்."

"நீங்க பண்ண தப்புதானேன்னு கேப்பாங்க."

"என்ற தப்புத்தானுங்க. அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கறேன்."

அவர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெட்டியைத் தட்டினார்.

"இதுலருந்து சரியா அஞ்சு வோல்ட் வரும். ஸ்கோப்புல அஞ்சு கட்டம் காட்டணும். கூலரோட ஒரு தடவை, கூலர் இல்லாம ஒரு தடவை. குளிர்ல குறைச்சுக் காட்டி, சூட்டுல சரியா அஞ்சுல நின்னா நீங்க சொல்றது நிஜம். ஆனா சும்மா தொட்டுட்டுப் போனா ஏத்துக்க முடியாது. விதிப்படி அரை மணி நேரம் கோடு அசையாம நிக்கணும்."

"அரை மணி நேரமா?"

"முப்பது நிமிஷம்."

மிதுனா ஸ்கோப்பைப் பார்த்தாள். "மார்கழியில கோடு ஏறி நின்னதும் நான் அஞ்சு பத்து நிமிசத்துல முடிச்சுருவேனுங்க. அப்பக் குளிர் காலம். இப்ப இந்த வெயில்ல கூலர் இல்லாம அரை மணி நேரம்னா, அளவு நின்னுருமுங்க, அதுல சந்தேகமில்லை. ஒரு சூட்டுக்கு மேல கோடு ஏறாது. டிரான்ஸ்பார்மர்தான் ஏறிட்டே போகும். அது தாங்காது."

"விடிகாலையில வெச்சுக்கலாமா?"

"விடிகாலையிலயே முப்பத்தெட்டு டிகிரிங்க இப்ப."

"வேற ஸ்கோப்?"

"சேலத்துல ஒண்ணு இருந்துச்சு. ஓட்டல்காரர் வாங்கி வரவேற்பறையில வெச்சுட்டார். உள்ளுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துட்டு மீன் வளக்கறாங்க."

ரியாஸ்தீன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். யோசித்துச் சொல்லுங்கள், நாளை மதியம் வரை இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அளந்து பார்க்காமல் திருகுவது உயிருக்கே ஆபத்து. ஸ்கோப் போனால் மீதி ஐம்பத்திரண்டு பேருக்குத் திருகி வைக்க ஆளில்லை. வயதாக ஆக இதயம் தடித்துக்கொண்டே போகும், துடிப்பின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். யாரிடம் கேட்பது? அந்த வாரம் முழுக்க அவள் எல்லாரையும் வரவழைத்து, சீட்டில் உள்ள எண்ணுக்குச் சரியாகக் குறைத்து வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்தவர் வெள்ளிங்கிரி. அவரை மூன்று வோல்ட்டுக்கு இறக்கி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு எத்தன வருசம் இருக்குது?"

"பேட்டரி அஞ்சு வருசம் வருமுங்க."

"அப்ப நான் அந்தப் பதினொண்ணுல இல்லை."

"இல்லீங்க."

"மிஷின் கெட்டுப் போச்சுன்னா நான் எங்க போறது?"

அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். எழுந்து வெளியே போனார். எதிர்க்கடையில் டீ வாங்கி, நிழலில் நின்று, அதைக் குடித்து முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். மிதுனா உள்ளிருந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"குடிதண்ணி வேலையில ஒண்ணு உண்டு அம்மிணி. எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்துல தொறந்து விட முடியாது. எந்தத் தெருவுக்கு அடைக்கறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். முப்பது வருசம் பண்ணியிருக்கறேன். என்ற தெருவையும் அடைச்சிருக்கறேன், பொண்டாட்டி திட்டித் தீத்துருவா." வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் பயமா இருக்குது. மிஷினை ஓட்டு."

மறுநாள் காலை பத்து மணி. ரியாஸ்தீன் பெட்டியை மாட்டினார். சுபிக்ஷா விடுப்பு போட்டுவிட்டு வந்து மூலையில் நின்றாள். வெள்ளிங்கிரி வரவில்லை.

முதலில் கூலரோடு. பச்சைக் கோடு நாலரைக்குக் கீழே நின்றது. ரியாஸ்தீன் குறித்துக்கொண்டார். பிறகு மிதுனா கூலரை நிறுத்தினாள். அறை திடீரென்று அமைதியானது. வெளியே தெருவில் ஒரு வண்டி போகிற சத்தம், அது தேய்ந்து மறைகிற சத்தம், அப்புறம் எதுவும் இல்லை. கோட்டில் இருந்த நடுக்கம் போய்விட்டது. மயிரிழை போல் மெல்ல ஏறத் தொடங்கியது.

பதினேழாவது நிமிடம் ஐந்தாவது கட்டத்தைத் தொட்டு நின்றது. ரியாஸ்தீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பலருந்து முப்பது."

மிதுனா முகத்தை ஸ்கோப்பின் தகரக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்து மோந்துகொண்டே இருந்தாள். பத்து நிமிடத்தில் தூசி வேகிற வாசனை. பதினைந்தில் மெழுகு. அவள் கை தானாகக் கூலர் சுவிட்சுக்குப் போயிற்று. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். இருபதில் மேல்தகடு கை வைக்க முடியாமல் ஆனது. கோடு ஐந்திலேயே நின்றது. இத்தனை வருடத்தில் அது இவ்வளவு உண்மையாக நின்று அவள் பார்த்ததில்லை.

"நிறுத்திடலாமா மேடம்?" ரியாஸ்தீன் மெதுவாகக் கேட்டார்.

"நிறுத்தினா ஒத்துக்குவீங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைத் திரும்பப் பார்த்தார்.

"அப்ப ஓடட்டுமுங்க."

இருபத்துமூன்று. பின்பக்கத்திலிருந்து சன்னமாகப் புகை வந்தது. சுபிக்ஷா வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்துநான்கு. இருபத்தைந்து. இருபத்தாறாவது நிமிடத்தில் உள்ளே விரல் சொடுக்கியது போல் ஒரு சத்தம். நீளக் கோடு முழுவதும் சுருங்கி நடுவில் ஒரே புள்ளியாகக் குவிந்தது. அந்தப் புள்ளி கண் கூசும்படி எரிந்தது. மிதுனா மின்சாரத்தைப் பிடுங்கினாள். திரையின் கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டு, உள்ளே காற்று புகும் மெல்லிய சீறல் கேட்டது. திரையின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கருப்புத் தழும்பு.

டிரான்ஸ்பார்மருக்கு அவளே புதிதாகக் கம்பி சுற்றிவிடுவாள். அந்தக் கண்ணாடிக் குழாயை இனி உலகத்தில் யாரும் ஊதிச் செய்ய மாட்டார்கள்.

ரியாஸ்தீன் நாற்காலியில் உட்கார்ந்தார். படிவத்தைத் தொடையில் வைத்து, பேனாவைத் திறந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சுபிக்ஷாவை ஒருமுறை பார்த்தார். அப்புறம் எழுதினார். எழுதி முடித்துப் படிவத்தை மிதுனா பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

அளவு நிலைத்து நின்ற நேரம் என்ற இடத்தில் முப்பது நிமிடம் என்று இருந்தது.

மிதுனா அதை இரண்டு முறை படித்தாள். ஒரு தப்பான அளவுக்காகத்தான் இத்தனையும். இந்த அளவும் தப்பு, அதுவும் தெரிந்தே எழுதியது. எங்கோ முகம் தெரியாத பதினொரு பேர் இந்த ஓர் எண்ணால் பின்னுக்குப் போகப் போகிறார்கள். அவர் அவளுக்காகக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"சரியா இருக்குங்களா மேடம்?"

"சரிங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினொரு பேரும் பட்டியலில் மேலே ஏறினார்கள். ஒன்பது பேருக்கு மாற்றுக் கருவி கிடைத்தது. ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பயந்து வேண்டாம் என்றுவிட்டார். பேட்டரி தீர்ந்த வாரத்தில் இறந்தார். இன்னொருவர் முறை வருவதற்கு முந்தைய மாதம் சாலை விபத்தில் போனார். சுபிக்ஷா இன்னமும் உக்கடம் டிப்போவில்தான் இருக்கிறாள். மகள் இப்போது ஆறாவது படிக்கிறாள். பின்னுக்குப் போன பதினொரு பேரில் நால்வர் காத்திருந்தபோதே இறந்தார்கள் என்று மிதுனா விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அவர்களுடைய பெயர்கள் அவளுக்கு மனப்பாடம். ரியாஸ்தீன் ஓய்வுபெற்று ஆம்பூரில் இருக்கிறார். அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி இருவரும் ஒருமுறையும் பேசிக்கொண்டதில்லை. மிதுனா கடையை ஒண்டிப்புதூருக்கு மாற்றி, பம்பு மோட்டார் சுற்றிக் கொடுக்கிறாள்.

வெள்ளிங்கிரி இரண்டு வருடம் இருந்தார். கடைசி ஆறு மாதம் அவருடைய இதயத்துக்கு மூன்று வோல்ட் போதவில்லை. கூட்டி வைக்க ஆளில்லை. எட்டு வருடம் தவறாக ஓடிய அந்தப் பழைய அளவிலேயே விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். ஓர் ஐப்பசி மாதத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பேட்டரியில் மூன்று வருட மின்சாரம் மிச்சம் இருந்தது.